குளிர்காலக் காற்சட்டையில் சோழவந்தான் வரை

மதுரையிலிருந்து நெதர்லாந்து நாட்டுக்குச் செல்பவர் எவரும் சோழவந்தான் வழியாகச் செல்வதில்லை. நான் சென்றேன். அதுவும் மார்கழி மாதத்தில், மிதிவண்டியில், கடுங்குளிர் நாடுகளில் மிதிவண்டி ஓட்டுவோர் அணியும் காற்சட்டையை அணிந்து சென்றேன். அவ்வாறு சென்றதன் காரணத்தை முதலில் சொல்லிவிடுவதே முறை.

என் மகள் தேன்மொழி, கணவரோடும் குழந்தையோடும் நெதர்லாந்தில் வசிக்கிறாள். தை மாதக் கடைசியில் அவளுக்கு இரண்டாம் பிரசவம். என் துணைவியார் பாக்கியம் அங்கே செல்வது பேச்சுக்கே இடமின்றி முடிவாகிவிட்டது. தாய் உடனில்லாத பிரசவம் எங்கள் குடும்பத்தில் நடந்ததில்லை. நான் செல்வதா வேண்டாமா என்பதுதான் விவாதத்துக்கு உரியதாக இருந்தது.

நான்கு ஆண்டுகளுக்கு முன் மூத்த பேத்தி பிறந்தபோது நாங்கள் இருவருமே சென்றிருந்தோம். அந்நாட்டில் கறிகாய் வாங்குவதும் அலுவலகம் போவதும் குழந்தையைப் பள்ளியில் விடுவதும் மிதிவண்டியிலேயே நடக்கின்றன. பனித்தூறலில் என்னைவிட மூத்த பெண்மணிகள் என்னைக் கடந்து சென்றார்கள். ஒருவர் கடக்கும்போதே காலை வணக்கமும் சொன்னார். நான் அந்தப் பயணத்துக்கென்றே வாங்கிய பருத்திக் காற்சட்டையில் இருந்தேன். எதிர்க்காற்று அதை ஒரு பொருட்டாக மதிக்கவில்லை. ஒரு பாலத்தின் மேல் என் வலது முழங்கால் மடங்க மறுத்தது. மடங்காத காலை வைத்துக்கொண்டு மிதிவண்டியை ஓட்டவும் இயலாது, முறையாக நிறுத்தவும் இயலாது. கால்வாயோரத்துப் புல்லில் சாய்ந்தேன். எஞ்சிய நாட்களை ஜன்னலோரம் இரண்டு போர்வைகளுக்குள் கழித்தேன். ஊர் திரும்பியபின் நெதர்லாந்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அந்த ஜன்னலைப் பற்றி விரிவாக எடுத்துரைத்தேன்.

இதனை மனத்தில் வைத்தே மகள் தொலைபேசியில் பேசினாள்.

"இந்தத் தடவ அம்மா மட்டும் வரட்டும்ப்பா. நீங்க சன்னலோரத்துல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்தா, நான் புள்ளையப் பாப்பேனா, உங்களப் பாப்பேனா?"

மூத்த பேத்தியைப் பள்ளியில் விடும் பொறுப்பை நான் ஏற்பதாகச் சொன்னேன். முன்புறம் பெட்டி வைத்த அவர்களது மிதிவண்டியை நான் அறிவேன். அதில் குழந்தையை அமர்த்தி ஓட்டுவது எனக்குக் கடினமாக இராது என்றேன்.

"எதுல ஓட்டுவீங்க? வேட்டியிலயா? சங்கிலியில வேட்டி மாட்டுச்சுன்னா புள்ளையோட சேந்து விழுவீங்க."

பிறகு அவளே ஒரு நிபந்தனை விதித்தாள். "குளிருக்குன்னே சைக்கிள் பேண்ட் இருக்குப்பா. அது ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு, சோழவந்தான் வரைக்கும் போயிட்டு வாங்க. மேல வேட்டி கெடையாது. மாமா வீடியோ எடுக்கட்டும். வெள்ளிக்கெழம டிக்கெட் போடுறேன். அதுக்குள்ள வீடியோ வந்தா ரெண்டு டிக்கெட்டு, வரலேன்னா ஒண்ணு."

மதுரை வெயிலில் இருபது கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவதால் நெதர்லாந்தின் குளிரைத் தாங்குவேன் என்று எவ்வாறு நிரூபணமாகும் என்று கேட்டேன்.

"குளிர நான் பாத்துக்குறேன்ப்பா. நீங்க வெக்கத்தப் பாருங்க."

திங்கட்கிழமை காலை கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். உடன் வந்தவர் என் மைத்துனர் சுந்தரம். துணைவியாரின் தம்பி, ஓர் அச்சகத்தில் பணிபுரிகிறார், இந்தக் காரியத்துக்காக விடுப்பு எடுத்திருந்தார். விடுப்புக்கு என்ன காரணம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

விளக்குத்தூண் பக்கம் கம்பளி ஆடை விற்கும் கடையொன்றில் முதலில் விசாரித்தோம்.

"கொடைக்கானலா சார்?" என்றார் கடைக்காரர்.

"இல்லை. கடல் மட்டத்துக்கும் கீழே உள்ள நாடு" என்றேன்.

"கீழயா? அப்ப வேர்க்குமே சார். எதுக்குக் கம்பளி?"

அவருடைய தர்க்கத்தில் பிழையில்லை. அடுத்த கடையில் தேவையைச் சொன்னவுடன், "லெக்கின்ஸ்தான சார், சொல்லுங்க, என்ன கலர்?" என்று மேசை நிறையப் பரப்பிவிட்டார்கள். பக்கத்தில் புடவை எடுத்துக்கொண்டிருந்த இரு பெண்கள் புடவையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். "எங்க அத்தானுக்குத்தான். சின்ன சைசு வேணாம்" என்று சுந்தரம் உரக்கச் சொன்னார். நான் அவரை அழைத்துக்கொண்டு வெளியேறி, தெருவோர வண்டியில் ஆளுக்கு ஒரு குவளை பருத்திப்பால் வாங்கினேன். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கியபின்தான் பேசும் நிலைக்கு வந்தேன். நெதர்லாந்தில் இத்தகைய பானம் கிடையாது. அங்கே மனக்கலக்கம் வந்தால் காப்பிதான் குடிக்கிறார்கள். அதிலும் சர்க்கரை போடுவதில்லை.

இறுதியில் புறவழிச்சாலையில் இருந்த ஒரு மிதிவண்டிக் கடையில் காரியம் கைகூடியது. கடையை நடத்துபவர் முப்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி. விடியலில் அழகர்கோவில் வரை ஓட்டிவிட்டு வந்துதான் கடை திறப்பார் என்று அங்கிருந்த பணியாளர் சொன்னார்.

"யாருக்கு சார்? பையனுக்கா?"

"எனக்கு."

அவர் முகத்தில் வியப்பின் சுவடே இல்லை. வியாபாரத்தில் இது உயர்ந்த பண்பு. உள்ளே போய் மூன்று காற்சட்டைகளைக் கொண்டுவந்தார். ஒன்று மெல்லியது, மழைக்காலத்துக்கு மட்டுமே ஆகும் என்று அவரே விலக்கினார். இரண்டாவது தோள்பட்டி வைத்தது. இடுப்பில் இறுக்காது, குனிந்தாலும் முதுகு தெரியாது என்று அதன் சிறப்புகளைச் சொல்லிவிட்டு, "ஒண்ணு மட்டும் சார், பாத்ரூம் போகணும்னா மேல சட்டையக் கழட்டித்தான் இதக் கழட்ட முடியும்" என்றார். என் வயதில் அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று நான் அதை விலக்கினேன். மூன்றாவது இடுப்பில் பட்டை வைத்து, கணுக்காலில் ஜிப் வைத்த கறுப்பு நிறக் காற்சட்டை. உட்புறம் பூனைக்குட்டியின் வயிறுபோல மெத்தென்றிருந்தது. தொடையிலும் முழங்காலிலும் முன்பக்கத் துணி வேறாக, தடித்து, வழவழவென்றிருந்தது.

"முன்னாடி காத்து புகாத துணி. பின்னாடி சாதாத் துணி, வேர்வ வெளிய போறதுக்கு. சைக்கிள்ல போறவங்களுக்குக் குளிரு முன்னாடி இருந்துதான் சார் வரும்."

என் முழங்கால் நான்காண்டுகளுக்கு முன்பே அறிந்த உண்மை. அதைத் துணியில் தைத்து வைத்திருப்பதை இப்போதுதான் பார்த்தேன்.

நின்றுபார்த்து வாங்கக் கூடாது என்று அவர் எச்சரித்தார். ஓட்டும்போது உடம்பு எப்படி வளைகிறதோ அப்படி வளைந்து பார்க்க வேண்டுமாம். முழங்காலுக்குப் பின்னால் துணி சுருக்கம் சுருக்கமாகத் திரண்டால் அளவு பெரிது. இடுப்புப் பட்டை முதுகை விட்டு இறங்கினால் அளவு சிறிது. எனவே நான் அதை அணிந்து, கடையின் நடுவே தாங்கியில் நிறுத்தியிருந்த மிதிவண்டியில் ஏறி, எங்கும் போகாமல் சிறிது நேரம் ஓட்டினேன். சுந்தரம் என்னைச் சுற்றிவந்து பார்த்து, "சுருக்கம் இல்லத்தான். இருக்குற சுருக்கமெல்லாம் உங்களுதுதான்" என்றார்.

உட்காரும் இடத்தில் தைக்கப்பட்டிருந்த திண்டைக் காட்டி, அந்தப் பெண்மணி குரலைச் சற்றும் மாற்றாமல் சொன்னார்: "இதுக்குள்ள ஜட்டி போடக் கூடாது சார். போட்டா தையல் அழுத்திப் புண்ணாயிரும்."

சுந்தரம் மணிகள் வைத்திருந்த அலமாரியின் பக்கம் நகர்ந்து, ஒவ்வொரு மணியாக அடித்துப் பார்க்கத் தொடங்கினார்.

பராமரிப்பு விதிகளையும் கடைக்காரப் பெண்மணி ஒப்பித்தார். உட்புறத்தை வெளியே திருப்பி, பச்சைத் தண்ணீரில், கையால் அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. துண்டு, போர்வை போன்றவற்றோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு பஞ்சாக ஒட்டிக்கொள்ளும். வாசனைத் திரவம் எதுவும் சேர்த்தால் வியர்வை வெளியேறும் தன்மை போய்விடும். நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

"வெயில் படாத எடம் மதுரையில எங்கம்மா இருக்கு?" என்று மணியடித்தபடியே கேட்டார் சுந்தரம்.

செவ்வாய்க்கிழமை வெள்ளோட்டம். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தொட்டு வைத்துவிட்டு உடுத்துவது எங்கள் வீட்டு வழக்கம். இக்காற்சட்டைக்கு ஓரம் எது என்று என் துணைவியார் நெடுநேரம் தேடி, இறுதியில் அந்தத் திண்டின் விளிம்பைத் தேர்ந்தெடுத்தார். நான் அணிந்து வந்து நின்றபோது மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க இது, தொட்டில் புள்ளைக்கு இடுப்புத் துணி கட்டிவிட்ட மாதிரி இருக்கு!"

மேலே வேட்டி கட்டிக்கொண்டேன். வெள்ளோட்டத்துக்கு மகளின் நிபந்தனை பொருந்தாது என்பது என் கருத்து. எங்கள் செல்லூர்ச் சந்துகளில் தறிச் சத்தத்துக்கு நடுவே, நூல்மூட்டை ஏற்றிய ஆட்டோக்களுக்கு வழிவிட்டுச் சென்றேன். தேநீர்க்கடை முன் திரும்பியபோது சங்கிலி என் வேட்டியின் கரையைக் கவ்வி, பொறுமையாக விழுங்கத் தொடங்கியது. முழங்கால் வரை விழுங்கியபின் வண்டி நின்றுவிட்டது. தேநீர் குடித்துக்கொண்டிருந்த தறிக்காரர் ஒருவர் எழுந்து வந்தார்.

"அண்ணே, வேட்டியக் கழட்டி விட்டுட்டு இறங்குங்கண்ணே. அதான் உள்ள பேண்ட்டு இருக்குல்ல."

"இருக்கட்டும்" என்றேன்.

அவர் மிதிக்கட்டையைப் பின்னோக்கிச் சுற்றச் சுற்ற, வேட்டி கறுப்பு மையோடு அங்குலம் அங்குலமாக வெளிவந்தது. மகள் சொன்னது சரிதான் என்பது எனக்குப் புரிந்தது. ஆயினும் அதை ஏற்றுக்கொள்ள இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன.

காற்சட்டையிலும் மை படிந்துவிட்டதால் புதன்கிழமை அதைத் துவைக்க வேண்டியதாயிற்று. விதிகளை என் துணைவியாருக்கு ஒன்று விடாமல் சொன்னேன். அவரும் ஒன்று விடாமல் பின்பற்றினார். உட்புறத்தைத் திருப்பினார். பச்சைத் தண்ணீரில் தனியாக, கையால் அலசினார். முறுக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் நிழலில் உலர்த்தினார். கஞ்சி போடக் கூடாது என்று மட்டும் அந்தக் கடைக்காரப் பெண்மணி சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தோன்றியிராது.

"இம்புட்டு வருசத்துல உங்க துணி ஒண்ணக் கஞ்சி போடாம வெளிய அனுப்பிச்சிருக்கேனா?" என்றார் துணைவியார். மறுப்பதற்கில்லை. அதன்பின் தெருமுனைத் தேய்ப்பு வண்டிக்கும் அது போய் வந்திருந்தது. தேய்ப்பவர் மேலே ஈரத்துணி போட்டு, சூட்டைக் குறைத்து, மிகுந்த அக்கறையோடு இரு கால்களிலும் நடுவே கத்திபோல் மடிப்பு எடுத்துக் கொடுத்திருந்தார். மாலையில் நான் வீடு திரும்பியபோது காற்சட்டை சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒருவருமில்லை.

மறுபடி அலசினால் உட்புறப் பஞ்சு காலைக்குள் உலராது. வெள்ளிக்கிழமை மகள் பயணச்சீட்டு எடுத்துவிடுவாள். ஆகவே வியாழன் காலை கஞ்சியோடுதான் புறப்பட வேண்டும் என்று முடிவாயிற்று.

வியாழன் விடியலில் கோலமாவும் கையுமாகப் பெண்கள் வாசல்களில் குனிந்திருந்தார்கள். வேட்டியைத் தொடை வரை மடித்துக் கட்டிக்கொண்டு சந்துகளைக் கடந்தேன். சுந்தரம் மொபெட்டில் பின்தொடர்ந்தார். படம்பிடிப்பது வைகைப் பாலத்துக்கு அப்பால் தொடங்கும் என்று நானும் அவரும் ஒப்புக்கொண்டிருந்தோம். அக்கரையில் என்னை அறிந்தவர் குறைவு. பாலம் தாண்டியவுடன் வேட்டியை அவிழ்த்து, பணப்பையை அதற்குள் வைத்துச் சுருட்டி, சுந்தரத்தின் வண்டிப் பையில் வைத்தேன். இந்தக் காற்சட்டைக்குப் பை கிடையாது, மடியும் கிடையாது. அதைத் தைத்த நாட்டில் பணத்தை எங்கே வைத்துக்கொள்கிறார்கள் என்பதை அடுத்த பயணத்தில் விசாரிக்க எண்ணியுள்ளேன்.

கொச்சடை வரை சரக் சரக்கென்று ஒலி எழுப்பியபடி சென்றேன். எதிரில் வந்தவர்கள் என்னைக் காணுமுன்பே அந்த ஒலியைக் கேட்டார்கள். பனிமூட்டம் இருந்தது, நெதர்லாந்துக்காரர் எவரும் அதைக் குளிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். துவரிமான் தாண்டும்போது கதிரவன் தென்னந்தோப்புக்கு மேலே வந்துவிட்டான். காற்சட்டை தன் கடமையைச் செவ்வனே செய்தது. என் காலின் சூட்டில் ஒரு துளியையும் அது வெளியே விடவில்லை. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் சாலையோரம் ஒதுங்கி நின்றார்கள்.

"ஏடி, அங்க பாரு, பெரியவரு காலுக்குத் தாரு பூசிக்கிட்டு வாராரு!"

"தாரு இல்லடி, சர்க்கஸ்காரரு."

"இந்த வயசுலயா?"

மூன்றாமவர் கேட்டது எனக்கும் நியாயமாகவே பட்டது.

மேலக்கால் தேநீர்க்கடையில் இறங்கினேன். வியர்வையில் கஞ்சி இளகி, பஞ்சோடு சேர்ந்து கூழாகிக் காலில் ஒட்டியிருந்தது. பெஞ்சில் அமர்ந்து, பருப்பு வடையைப் பிட்டுக்கொண்டிருந்தபோது முழங்காலுக்குக் கீழே ஈரமாக ஏதோ உரசியது. கடைக்குப் பின்னால் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து என் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"அசையாதீங்கத்தான், நல்லா விழுகுது" என்றார் சுந்தரம், கைப்பேசியைத் தாழ்த்திப் பிடித்தபடி.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாருகிட்டயும் போகாதுய்யா இந்தக் கன்னுக்குட்டி. உங்ககிட்ட என்னமோ இருக்கு."

என்னிடம் இருப்பது சோற்றுக்கஞ்சி என்று சொல்லவில்லை. வலது காலை முடித்துவிட்டு அது இடது காலுக்கு வந்தது. நான் வடையை முடித்தேன்.

சோழவந்தானில் இட்லியும் மூன்று வகைச் சட்னியும் கிடைத்தன. உணவகத்தில் எவரும் என் காலைப் பற்றிக் கேட்கவில்லை. சட்னி போதுமா என்றுதான் கேட்டார்கள். அந்த ஊரை நான் என்றும் மறவேன். சாப்பிட்டபின் துணைவியாருக்கு வெற்றிலை வாங்கலாம் என்று ஒரு கொடிக்காலுக்குச் சென்றோம். அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடிகள் வரிசையாக ஏறியிருந்தன. காற்று வரும் பக்கமெல்லாம் தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். கொடிக்கால்காரர் என் முழங்காலைத் தொட்டுப் பார்க்க அனுமதி கேட்டார். கொடுத்தேன்.

"காத்தத் தடுக்குற துணியா? வெத்தலைக்கும் காத்து ஆகாதுய்யா. எங்களுக்குத் தட்டி, உங்களுக்கு பேண்ட்டு" என்று இலையை எண்ணிக் கட்டிக் கொடுத்தார். நாங்கள் பேசிய அனைவரிலும் அந்தக் காற்சட்டையை முழுமையாகப் புரிந்துகொண்டவர் அவரே.

திரும்பும் வேளையில்தான் இடர் வந்தது. சுந்தரத்தின் மொபெட் கிளம்பவில்லை. அவர் உதைத்தார், தள்ளிக்கொண்டு ஓடினார், அதனோடு அன்பாகவும் பேசிப் பார்த்தார். பட்டறைக்காரர் திறந்து பார்த்துவிட்டு மதியமாகும் என்றார்.

"ஒக்காருங்கத்தான். சேந்து போவோம்" என்றார் சுந்தரம்.

"போயிட்டு வாங்கன்னுதான் சொல்லியிருக்கா மாப்ள. வெயில் ஏறினா என்னால முடியாது. நான் கிளம்புறேன்."

"அப்ப வீடியோ? திரும்பி வந்ததுக்கு என்ன சாட்சி?"

என் கைப்பேசி பொத்தான் வைத்தது. பேச மட்டுமே உதவும். சாட்சியை இழந்தாலும் பயணத்தை இழக்கக் கூடாது என்று புறப்பட்டுவிட்டேன்.

பாலத்துக்குச் சற்று முன்பு, வழக்கம்போல் இடுப்பில் கை வைத்து வேட்டியைச் சரிசெய்ய முயன்றபோதுதான், அது சோழவந்தானில் பட்டறை வாசலில் நிற்கும் வண்டியின் பையில் இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தது. பணப்பையும் அதற்குள்தான். ஒரு துண்டு வாங்கிச் சுற்றிக்கொள்ளவும் வழியில்லை.

பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். கீழே ஆகாயத்தாமரைக்கு நடுவே கொக்குகள் நின்றன. இரு வழிகள் இருந்தன. மதியம் சுந்தரம் வரும்வரை இங்கேயே நிற்கலாம். அல்லது, நாற்பது ஆண்டுகளாக வேட்டியின்றி என்னைக் கண்டிராத செல்லூருக்குள், நடுப்பகலுக்கு முன், இந்தக் கோலத்தில் நுழையலாம். நுழைந்தாலும் படம்பிடிப்பவர் இல்லை. மகள் நம்ப வேண்டிய கட்டாயமும் இல்லை. பிரசவ அறைக்கு வெளியே நான் நிற்கப்போகிறேனா, அல்லது யாரோ ஏந்திப் பிடிக்கும் கைப்பேசியில் பிள்ளையைப் பார்த்து, சரியாகத் தெரியவில்லை என்று சொல்லப்போகிறேனா என்பது இன்னும் தீராத கணக்காகவே இருந்தது. நிற்க நிற்கக் காற்றில் கஞ்சி மறுபடி இறுகத் தொடங்கியது. இன்னும் சிறிது நேரம் நின்றால் முழங்கால் மடங்காது என்று தோன்றியது. மடங்காத முழங்காலோடு ஒரு பாலத்தின் மேல் நிற்பது எனக்குப் போதுமான அளவு பழக்கமாகியிருந்தது. மிதித்தேன்.

செல்லூரின் முதல் சந்தில் ஒரு குழாயடி. குடங்கள் நிரம்பி வழிந்தன, எவரும் எடுக்கவில்லை. இரண்டாம் சந்தில் ஒரு தறி நின்றது. பிறகு பக்கத்துத் தறியும் நின்றது. ஓசை இல்லாத செல்லூரை நான் அன்றுதான் கேட்டேன்.

"அண்ணே! வேட்டி எங்கண்ணே?"

"சோழவந்தானில்" என்றேன்.

"அய்யய்யோ, யாரு உருவுனா?"

"எப்பா, ஒதுங்குங்கப்பா, அண்ணன் ரேஸுக்குப் போறாரு!"

"காலப் பாரேன்டா, எம்புட்டு ஸ்டைலா மடிப்பு வச்சிருக்காருன்னு."

மடிப்பு அந்த வெயிலிலும் குலையவில்லை என்பதை அவ்வாறுதான் அறிந்தேன். தேய்ப்பு வண்டிக்காரர் அருகில் நின்று, அது தம் கைவேலை என்று சுற்றியிருந்தவர்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தார். தேநீர்க்கடை முன் பத்துப் பதினைந்து பேர் கைப்பேசியை உயர்த்தினார்கள். மாடிகளிலிருந்தும் உயர்த்தினார்கள். செவ்வாய்க்கிழமை என் வேட்டியை மீட்டுத் தந்த தறிக்காரர், "அண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்கண்ணே, ஆடிப்போச்சு, இன்னொருவாட்டி எடுத்துக்குறேன்" என்றார். நான் நிற்கவில்லை. நேராகப் பார்த்தபடி, மணி அடிக்க வேண்டிய இடங்களில் மணி அடித்து, வீடு வந்து சேர்ந்தேன்.

வாசலில் என் துணைவியார் தொலைபேசியோடு நின்றார். அதை என் காதில் வைத்தார். அங்கே இன்னும் விடிந்திராது.

"அப்பா," என்றாள் தேன்மொழி. அதற்குமேல் பேச வரவில்லை, சிரித்துக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, நிறுத்து என்றேன். "என் கூடப் படிச்சவ ஒருத்தி அனுப்பிச்சாப்பா. அப்புறம் தெரு வாட்ஸ்அப் குரூப்புல. அப்புறம் எங்க டீச்சரே அனுப்பிச்சுட்டாங்க. உங்கப்பாவுக்கு என்னம்மா ஆச்சுன்னு கேக்குறாங்க. நெதர்லாந்துக்குப் பழகுறாருன்னு சொல்லியிருக்கேன்."

"சுந்தரம் எடுத்தது பாதிதான் இருக்கும். திரும்பி வந்தது..."

"திரும்பி வந்ததத்தான்ப்பா ஊரே அனுப்பிருச்சு. ரெண்டு டிக்கெட்டும் இப்பவே போடுறேன். பாஸ்போர்ட்ட எடுத்து வைங்க."

அன்று பிற்பகல் நானே அந்தக் காற்சட்டையைத் துவைத்தேன். உட்புறத்தைத் திருப்பிப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்தபோது வாளி முழுவதும் பால்போல் வெளுத்தது. மூன்று முறை நீரை மாற்றினேன். துணைவியார் கிணற்றடிக் கல்லில் வந்து அமர்ந்து, சுந்தரம் கொண்டுவந்து சேர்த்த சோழவந்தான் வெற்றிலையை மடியில் வைத்துக்கொண்டு, போடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சியைப் பற்றி வருந்துகிறார் போலும் என்று எண்ணி, அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றேன்.

"அந்தக் கடையில பொம்பளைகளுக்கு இருக்கா?"

"எது?"

"இது மாதிரி. சேலைக்கு உள்ள போட்டுக்குற மாதிரி."

"உனக்கு எதுக்கு? நீ ஓட்டப் போறதில்லையே."

"போன தடவ தெனமும் கடைக்கு யாரு போனா? ஆஸ்பத்திரிக்கு யாரு சோறு கொண்டு போனா? ரெண்டு பாவாடையக் கட்டிக்கிட்டு, உங்க சாக்ஸ ரெண்டு சோடி மாட்டிக்கிட்டு நடந்தே போயிட்டு வந்தேன். நீங்க குளிருதுன்னு சொன்னீங்க. உங்களுக்கு வீடியோ, டெஸ்ட்டு, லீவு போட்டு ஒரு மாமன். எனக்கு டிக்கெட்டு மட்டும்." வெற்றிலையின் காம்பைக் கிள்ளினார். "குளிருமான்னு என்னைய ஒருத்தரும் கேக்கல."

வாளியில் தண்ணீர் தெளிந்திருந்தது. நான் காற்சட்டையை முறுக்காமல் எடுத்து, நிழலில் விரித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை நாங்கள் இருவரும் அந்தக் கடைக்குச் சென்றோம். கடைக்காரப் பெண்மணி என்னைப் பார்த்ததும், "சார், வீடியோ பாத்தேன்" என்றார். பிறகு, "இன்னைக்கு யாருக்கு?" என்றார்.

"எனக்கும்மா. இவரு சும்மா கூட வந்திருக்காரு" என்றார் என் துணைவியார்.

திண்டு வைக்காதது, நடப்பதற்கு ஏற்றது, இடுப்பில் மென்மையான பட்டை என்று அவர்கள் இருவரும் நெடுநேரம் பேசித் தேர்ந்தெடுத்தார்கள். என் கருத்தை எவரும் கேட்கவில்லை. துணைவியார் அதை எடுத்துக்கொண்டு மாற்றும் அறைக்குள் சென்றார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தபோது மேலே அதே சுங்குடிச் சேலைதான் தெரிந்தது. முழங்காலை மடக்கிப் பார்த்தார். உட்கார்ந்து எழுந்தார். மெல்ல நடந்து கடையின் கோடிவரை சென்று திரும்பினார்.

"எப்படி இருக்கும்மா?" என்றார் கடைக்காரப் பெண்மணி.

"சூடா இருக்கு" என்றார் என் துணைவியார்.

கழற்றித் தந்தால் பையில் போட்டுத் தருவதாகக் கடையில் சொன்னார்கள். அவர் வேண்டாம் என்றுவிட்டார். உச்சிவெயிலில், நகரப் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில் அதை அணிந்தபடியே செல்லூர் வரை வந்தார். நெற்றியில் வியர்வை வழிந்தது. நான் இருமுறை கைக்குட்டையை நீட்டினேன். இருமுறையும் வாங்கித் துடைத்துக்கொண்டு, மறுபடி வெளியே பார்க்கத் தொடங்கினார்.